கீசர்: கொதிக்கும் ஊற்றின் பெயர், கொதிக்கக் கூடாத கலனுக்கு

சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் குளியலறைக் கீசர், கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோலக் கடகடக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்ததும் கழற்றாமலே சொல்லிவிடுவார்: "ஹீட்டர் காயில்ல உப்பு பிடிச்சிருக்கும் சார்." அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தச் சத்தம் கீசர் என்ற பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஐஸ்லாந்தின் தென்மேற்கில் ஹௌகாடாலூர் என்றொரு பள்ளத்தாக்கு. அங்குள்ள ஓர் ஊற்றின் பெயர் கெய்சிர். பொங்கிப் பாய்வதைக் குறிக்கும் ஐஸ்லாந்திய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அந்த ஒரே ஊற்றின் பெயரே நாளடைவில் உலகெங்கும் விட்டுவிட்டுப் பீறிடும் கொதிநீர் ஊற்றுகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. 1846இல் அங்கே போய் ஆராய்ந்தவர் ராபர்ட் பன்சன்; பள்ளி ஆய்வகத்து பன்சன் பர்னரில் பெயர் நிற்கிறதே, அவர்தான். ஊற்றின் அடியில் உள்ள நீர், மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும் என்று அவர் கண்டார். பத்து மீட்டர் ஆழத்தில் கொதிநிலை 120 டிகிரி அளவுக்குப் போய்விடும். மேல்நீர் சற்று வழிந்து அழுத்தம் குறைந்தால் போதும், அடிநீர் சட்டென்று ஆவியாகி மேலிருப்பதை எல்லாம் தூக்கி எறியும்.

1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவில் நீரைச் சுடவைக்கும் கருவி ஒன்றைச் செய்து அதற்குக் கீசர் என்று பெயரிட்டார். புகைபோக்கிகூட இல்லாத ஆபத்தான பொருள். பிரிட்டனில் இந்தப் பெயரின் புழக்கம் குறைந்துவிட்டது. நம் ஊரில் நிலைத்துவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பார்த்து 'வெந்நீர் ஊற்று' என்று எழுதினால், சுவரில் மாட்டிய கருவிக்கு அது சிரிப்புக்கிடம். 'கொதிகலன்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது அரிசி ஆலையிலும் அனல்மின் நிலையத்திலும் நீராவி தரும் பாய்லருக்கு உரியது. வீட்டுக் கருவி கொதிக்கவே கூடாது. 60, 70 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். ஆகவே என் தேர்வு 'வெந்நீர்க்கலன்'. வெம்மை + நீர் வெந்நீர், 'வென்னீர்' பிழை. (தண்மை + நீர் தண்ணீர் என்றால் 'சுடுதண்ணீர்' என்னவாம் என்று கேட்காதீர்கள். வழக்கு இலக்கணத்தை எப்போதோ வென்றுவிட்டது.) தொட்டி இல்லாமல் உடனுக்குடன் சூடாக்கும் சிறிய வகைக்கு 'நீர்ச்சூடேற்றி' பொருந்தும்.

இனி அந்தக் கடகட. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கார்பனேட்டாகிக் காயில்மேல் ஓடுபோலப் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை (இத்தகைய உப்புகளின் அளவை) ஏற்கிறது. வேறு நீரே இல்லாவிட்டால் 600 வரை. அத்தகைய நீரில் ஓடு சீக்கிரம் தடிக்கும். ஓட்டின் துளைகளில் சிக்கிய நீர், காயிலை ஒட்டியே இருப்பதால், கலனில் மற்ற நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொதித்துவிடுகிறது. அந்த ஆவிக்குமிழி வெளியே வந்து குளிர்ந்த நீரில் பட்டதும் நொறுங்குகிறது. ஒவ்வொரு நொறுங்கலும் ஒரு 'கட்'. கலனுக்குள் ஆயிரம் குட்டிக் கெய்சிர்கள்! மின்சாரத்தை நிறுத்தி, நீரை வடித்து, காயிலைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் ஓடு கரையும்.

குழாயை மூடும்போது மட்டும் 'டம்' என்று இடித்தால் கலன்மேல் பழியில்லை. வேகமாக வந்த நீர் சடாரென நின்று குழாயை மோதுகிறது, அவ்வளவுதான்.

குழாயைத் திறந்ததும் நீரோடு ஆவியும் சீறினால் இது உப்பு விவகாரம் அல்ல. தெர்மோஸ்டாட் துண்டிக்கவில்லை, வெந்நீர்க்கலன் நிஜமாகவே கொதிகலனாகிக்கொண்டிருக்கிறது. உடனே மெயினை அணைத்துவிட்டு, கலன் தானாக ஆறும்வரை அதன் பக்கம் போகாதீர்கள். பிறகு ஆளைக் கூப்பிடும்போது, மிகுந்த அழுத்தத்தை வெளியே விடும் பாதுகாப்பு வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டுகிறதென்று அதன் வாயை யாராவது அடைத்து வைத்திருக்கக்கூடும்.