எச்சில் தொட்டு எண்ணும் நோட்டு

பெட்டிக்கடையில் நூறு ரூபாயைக் கொடுத்தால், கடைக்காரர் கட்டைவிரலை நாக்கில் ஒரு தொடு தொட்டுவிட்டு மீதியை எண்ணித் தருவார். வறண்ட விரலில் தாள் வழுக்கும், கொஞ்சம் ஈரம் பட்டால் ஒவ்வொன்றாகப் பிரியும். அதற்குத்தான் அந்த எச்சில். ஆனால் நோட்டைத் தொட்ட அதே விரல் மறுபடியும் நாக்குக்குப் போகிறதே! நோட்டில் ஒட்டியிருக்கும் கிருமிக்கு நம் உடம்புக்குள் நுழைய இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

நம் ரூபாய் நோட்டு மரக்கூழில் செய்ததில்லை, முழுக்கப் பருத்தி இழை. சட்டைப் பையோடு துவைத்துவிட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வது அதனால்தான். பருத்தி என்பதால் துண்டு மாதிரியே வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, மீன்கடை ஈரம் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். ஐந்நூறு ரூபாய் நோட்டு பீரோவில் தூங்கலாம். பத்து ரூபாய்க்கு அந்தச் சுகம் ஏது? கை மாறி மாறி, தொய்ந்து துணியாகும்வரை அலைகிறது.

டெல்லியில் மரபணு ஆய்வு செய்யும் அரசு ஆய்வகம் ஒன்று தெருவோரக் கடை, மளிகைக் கடைகளில் இருந்து 10, 20, 100 ரூபாய் நோட்டுகளைச் சேகரித்து, அவற்றில் இருந்த டிஎன்ஏவைப் படித்தது. 2015-இல் முடிவு வெளிவந்தது. பூஞ்சை போன்றவற்றின் பங்குதான் பெரிது. பாக்டீரியா சுமார் ஒன்பது சதவீதம், வைரஸ் ஒன்றுக்கும் கீழே. ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்த்து நிற்க உதவும் 78 மரபணுக்களும் அகப்பட்டன. பயமுறுத்தும் பட்டியல்தான். ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வயிற்றுப் பூச்சிகளுக்கு வருவோம். நைஜீரியா, எத்தியோப்பியா, எகிப்து நாடுகளில் நோட்டுகளைக் கழுவி, அந்தத் தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பூச்சி முட்டைகளைக் கண்டிருக்கிறார்கள். முட்டை இருக்கிறது என்றாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள முடியாது, அது எந்தப் பூச்சியின் முட்டை என்று கேட்க வேண்டும்.

நாக்குப்பூச்சி என்கிறோமே, அந்த உருண்டைப்புழு ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டை போடும். மேலே பிசுபிசுப்பான உறை இருப்பதால் விரலில், தாளில் நன்றாக ஒட்டும். ஆனால் மலத்தோடு வெளிவந்த புது முட்டை ஒன்றும் செய்யாது. ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து, உள்ளே குஞ்சுப்புழு உருவான பிறகுதான் தொற்றும். மண் கையோடு காய்கறி விற்பவர் வாங்கும் நோட்டில் அப்படி முற்றிய முட்டை ஏறிக்கொள்ளலாம். கொக்கிப்புழுவின் கதை வேறு. அதன் முட்டை மண்ணில் பொரிந்து, அந்தப் புழு பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் நுழையும். நோட்டில் ஒட்டிய முட்டையால் அதற்கு லாபமில்லை.

நான் சந்தேகப்படுவது கீரிப்பூச்சியைத்தான். பெண் பூச்சி ராத்திரியில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். குழந்தை சொறியும், நகத்துக்குள் முட்டை போகும். சில மணி நேரத்திலேயே அது தொற்றத் தயார். மண் தேவையில்லை, காத்திருக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் இரண்டு வாரம்கூட உயிரோடு கிடக்கும். அந்தக் கை மிட்டாய் வாங்க நீட்டும் காசை, இன்னொரு குழந்தை வாயில் போட்டுக்கொண்டால்? நடக்கக்கூடியதுதான். ஆனால் படுக்கை விரிப்பும் உள்ளாடையும் நகமும் பரப்புவதைவிட இது சின்ன வழி.

வைரஸை ஜெனீவாவில் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். சுவிஸ் நோட்டில் சளிக்காய்ச்சல் வைரஸை மட்டும் வைத்தபோது அதிகபட்சம் மூன்று நாள். மூக்குச்சளியோடு கலந்து வைத்தபோது 17 நாள் வரை தாக்குப்பிடித்தது. சளி அதற்குப் போர்வை.

நாணயத்தில் செம்பு இருந்தால் கிருமி சாகும் என்பார்கள். செம்பு அயனிகள் கிருமியின் மேலுறையைச் சிதைப்பது உண்மைதான். ஆனால் இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. பத்து ரூபாயின் வெளிவளையத்தில் செம்பு நிறைய உண்டு, அலுமினியமும் சேர்ந்திருக்கிறது. அதை நம்பலாமா? ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில், யூரோ காசுகள் மேல் கொரோனா வைரஸை வைத்துப் பார்த்தார்கள். செம்பு முலாம் பூசிய ஐந்து சென்ட்டில் ஒரு மணி நேரத்துக்குப் பின் வைரஸ் இல்லை. 89 சதவீதம் செம்பும் கொஞ்சம் அலுமினியமும் கலந்த பத்து சென்ட்டிலோ, ஆறு நாள் ஆனபிறகுதான் முற்றிலும் மறைந்தது. எவ்வளவு செம்பு என்பது மட்டும் போதாது போலிருக்கிறது.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. வைரஸ் துளி காய்ந்ததும், காசிலிருந்து விரலுக்கு உயிருள்ள வைரஸ் ஏறியதே இல்லை என்னும் அளவுக்குக் குறைந்துபோனது. இது தெரியாமல் 2020-இல் தென்கொரியாவில் சிலர் நோட்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் கருக்கினார்கள்.

ஆக, காய்ந்த நோட்டு சோம்பேறி வண்டி. ஈரம்தான் அதை ஓட வைக்கிறது: இறைச்சிக்கடையின் நனைந்த நோட்டு, காசை வாங்கிய கையாலேயே எடுத்துத் தரும் சூடு ஆறிய பஜ்ஜி, அப்புறம் அந்த எச்சில் விரல். வங்கிக் காசாளர் மேசையில் ஈரப் பஞ்சுக் கிண்ணம் இருக்குமே, நாக்குக்கு மாற்றாக வைத்தது, நல்ல யோசனை. அந்தத் தண்ணீரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.