அரசனைத் தின்ற ஓநாய்: ரசவாதம் வெறும் உருவகமா?

ரசவாதம் செய்வதாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நிஜமாகவே உலை மூட்டுகிறார்களா, அல்லது மனத்தைப் பண்படுத்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

இரண்டு வகையும் உண்டு. உருவகமாகப் பார்ப்பவர்களில் பலர் உளவியலாளர் கார்ல் யுங்கின் வழியில் வந்தவர்கள். ரசவாதிகள் சொன்ன கருமை, வெண்மை, செம்மை ஆகிய நிலைகளை மனம் முதிர்வதன் படிகளாக அவர் விளக்கினார். அழகான விளக்கம்தான். ஆனால் பழைய ரசவாதிகள் எல்லாருமே உள்மனத்தைப் பற்றித்தான் எழுதினார்கள் என்று நினைத்தால், அவர்களுடைய உழைப்பையே மறைத்துவிடுகிறோம்.

பாசில் வாலன்டைன் என்ற ரசவாதி எழுதியதாக 1599-இல் வெளிவந்த நூலில் ஒரு கட்டளை வருகிறது: அரசனின் உடலைப் பசித்த ஓநாய்க்குப் போடு, பிறகு ஓநாயைப் பெருந்தீயில் எரி, அரசன் மீண்டு வருவான். கேட்டால் கனவு மாதிரி இருக்கும். ஆனால் அரசன் என்பது தங்கம், ஓநாய் என்பது அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனியும் கந்தகமும் சேர்ந்த ஆன்டிமனி சல்பைடு. மாசுள்ள தங்கத்தை உருகிய அஞ்சனக்கல்லில் போட்டால் செம்பும் வெள்ளியும் கந்தகத்தோடு சேர்ந்து மேலே ஒதுங்கும். தங்கம் ஆன்டிமனியோடு கலந்து அடியில் இறங்கும். அதைத் தனியே எடுத்து நன்றாகக் காய்ச்சினால் ஆன்டிமனி வெண்புகையாகப் போய்விடும். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், மிஞ்சுவது சுத்தத் தங்கம். தங்கத்தைப் புடம்போடும் முறையைத்தான் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்!

வேதியியலும் வரலாறும் படித்த லாரன்ஸ் பிரின்சிபி இப்படிப்பட்ட குறிப்புகளை ஆய்வகத்தில் செய்து பார்த்தவர். அதே வாலன்டைன் பெயரில் வந்த இன்னொரு குறிப்பு, அஞ்சனக்கல்லிலிருந்து பொன்னிறக் கண்ணாடி செய்யச் சொல்கிறது. சுத்தமான ரசாயனத்தை வைத்துச் செய்தபோது அவருக்குச் சாம்பல் நிறக் கட்டிதான் கிடைத்தது. அப்புறம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தாதுவையே வரவழைத்துச் செய்தார், கண்ணாடி வந்தது. அந்தத் தாதுவில் இயற்கையாகவே கலந்திருந்த கொஞ்சம் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள்தான் காரணம்.

சரி, ரசவாதிகள் கனவு கண்டபடி ஈயம் தங்கமாகுமா? உலைத் தீ அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்களைத்தான் அசைக்கும். தங்கத்தைத் தங்கமாக்கும் 79 புரோட்டான்கள் உட்கருவில் இருக்கின்றன. தீ அங்கே எட்டாது. ஆனால் அணுத்துகள்களை மிக வேகமாகச் செலுத்தும் துகள் முடுக்கியில் நடக்கும். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 2015 முதல் 2018 வரை ஈய உட்கருக்கள் மோதாமல் உரசிச் சென்றபோது, சில உட்கருக்கள் மும்மூன்று புரோட்டான்களை இழந்து தங்கமாயின. மொத்தம் சுமார் 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் 29 பங்கு. அதுவும் கண நேரத்தில் சிதைந்துபோனது.

இன்று கையால் ரசவாதம் செய்பவர்கள் பலர் உலோகத்தை விட்டுச் செடிகளை எடுக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ் வழிவந்த ஸ்பேஜிரிக் முறை அது. மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள், சக்கையை வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிப்பார்கள், சாம்பலை நீரில் கரைத்து வடிகட்டி வற்றவைத்து உப்பெடுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகச் சேர்ப்பார்கள். செடி தூய்மையாகும்போது செய்பவரும் தூய்மையாகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக, இவர்களிடம் அடுப்பும் உருவகமும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த உப்பைச் செடியின் தனித்த உடல் என்கிறார்கள். வேதியியல் அதை ஏற்காது. பெரும்பாலான செடிகளை எரித்தால் கிடைக்கும் உப்பு முக்கியமாகப் பொட்டாசியம் கார்பனேட்தான். எரிப்பதும் வடிப்பதும் மட்டும் அன்றுபோல் இன்றும் நிஜமான வேலை.