எயார் பாக் பூட்டுமுன் அக்ஸிலைப் பாருங்கள்

போன மே மாதம் ஓர் இளம் சோடி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள என் கராஜுக்கு ஒரு பழைய மோட்டர்ஹோமை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1983ஆம் ஆண்டு ரொயோட்டா. முன்னுக்கு ஒரு பிக்கப்பின் முகம், பின்னுக்கு ஒரு சின்ன வீடு. வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"அண்ணை, பின்பக்கம் குந்திக்கொண்டு நிக்குது. எயார் பாக் பூட்டினா நிமிர்ந்திடும் எண்டு சொல்லீனம். ஜூலையிலை கேப் பிரெட்டன் போகப் போறம்" என்றார் அந்தத் தம்பி.

கேப் பிரெட்டன் கனடாவின் கிழக்கோரத்துத் தீவு. அவர் கேட்ட எயார் பாக், பின் ஸ்பிரிங்கோடு பூட்டி வண்டியை உயர்த்தும் காற்றுப் பை; விபத்தில் விரியும் எயார் பாக் அல்ல. நான் அதன் விலை சொல்லவில்லை. பின் சில்லில் பளபளவென்று மாட்டியிருந்த மூடியைக் கழற்றினேன். உள்ளே ஐந்து நட். அன்றைக்கு ஒரு மணித்தியாலம் நாங்கள் கதைத்ததெல்லாம் அந்த ஐந்து நட்டைப் பற்றித்தான்.

இந்த வண்டிகளைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. ஊரில் நாங்கள் ஹைலக்ஸ் என்று அறிந்த பிக்கப்பை, பின்பெட்டி இல்லாமல் முன்பக்கமும் சேஸி என்ற அடிச்சட்டமுமாக மட்டும் ரொயோட்டா வட அமெரிக்காவில் விற்றது. அதை வாங்கி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடு கட்டியவை வேறு நிறுவனங்கள். டொல்பின், சன்ரேடர், வின்னபேகோ வாரியர் எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். 1970களில் தொடங்கி 1990களின் முற்பகுதி வரை ஓடிய உற்பத்தி இது. நீளம் பெரும்பாலும் 18 முதல் 21 அடிக்குள். 20ஆர், 22ஆர் என்ற நாலு சிலிண்டர் என்ஜின்கள் சாகாத என்ஜின்கள். மலை ஏறும்போது பின்னால் வருபவர்கள் திட்டுவார்களே தவிர, ஏறிவிடும். சாதாரண வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தலாம், பெட்ரோலும் அவ்வளவாகக் குடிக்காது. வண்டிக்கு நாற்பது வயதான பிறகும் ஆட்கள் தேடி வாங்குவது அதனால்தான்.

என்ஜின் சாகாது, சரி. பழையவற்றில் சாவது பின் அக்ஸில், அதாவது பின் சில்லுகளைத் தாங்கும் குறுக்குத் தண்டு.

பின் அக்ஸிலில் இரண்டு வகை உண்டு. ஊரில் லேலண்ட் லொறியின் பின் சில்லைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு ஒரு வகை உடனே விளங்கும். சில்லின் நடுவில் கிண்ணம் போல ஒரு ஹப் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றி வட்டமாகச் சின்ன போல்ட்டுகள் இருக்கும். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், ஜக் வைக்காமலே, அக்ஸில் குழாய்க்குள் சுற்றும் ஷாஃப்ட்டை மட்டும் உருவி எடுத்துவிடலாம். லொறி நின்றபடியே நிற்கும். ஏனென்றால் பாரத்தைத் தாங்குவது ஷாஃப்ட் அல்ல. அக்ஸில் குழாயின் முனையில் இரண்டு பெயரிங்குகள் மேல் ஹப் உட்கார்ந்திருக்கிறது; ஷாஃப்ட்டின் வேலை சுற்றிக் கொடுப்பது மட்டும்தான். அது ஓடும்போது முறிந்தாலும் சில்லு கழன்று போகாது. இதை ஃபுல் ஃபுளோட்டிங் என்பார்கள்.

மற்றது செமி ஃபுளோட்டிங். கார், சின்ன பிக்கப் எல்லாம் பெரும்பாலும் இதுதான். ஷாஃப்ட்டின் முனையில் உள்ள தட்டிலேயே சில்லு நேராகப் பூட்டப்பட்டிருக்கும். அதே ஷாஃப்ட் சுற்றவும் வேண்டும், வண்டியைச் சுமக்கவும் வேண்டும். குழாயின் ஓரத்தில் ஒரே ஒரு பெயரிங். அந்தப் பெயரிங் சிதறினாலோ ஷாஃப்ட் முறிந்தாலோ சில்லும் முறிந்த துண்டுமாக வண்டியை விட்டு வெளியே போய்விடும்.

ஐந்து நட் ரொயோட்டாவில் இருப்பது இந்த இரண்டாவது வகை. பிக்கப்பாக ஓடினால் அதில் ஒரு குறையும் இல்லை. அதன் முதுகில் வீட்டை ஏற்றியபோது பாரம் தாங்க வேண்டும் என்று, இருந்த சில்லுக்கு வெளியே ஒரு அடப்டரை வைத்து இன்னொரு சில்லையும் மாட்டினார்கள். பார்க்க லொறி மாதிரி இரட்டைச் சில்லு. இங்கே இதை வைத்திருப்பவர்கள் 'ஃபூலி' என்று நக்கலாகச் சொல்வார்கள். உண்மையான இரட்டைச் சில்லுக்கு 'டூலி' என்று பெயர். ஆளை ஃபூல் ஆக்குவது ஃபூலி.

ஆளை மட்டுமல்ல, ஷாஃப்ட்டையும் ஏமாற்றுகிறது. உண்மையான இரட்டைச் சில்லில் ஹப்பின் முகம் இரண்டு ரயருக்கும் நடுவில் வரும், பாரம் பெயரிங்குகளின் மேல் இறங்கும். ஃபூலியில் உள் ரயர் பழைய இடத்திலேயே இருக்க, இரண்டாவது ரயர் அதற்கு வெளியே போகிறது. பாரம் இறங்கும் இடம் பெயரிங்கை விட்டுத் தள்ளிப் போகிறது. கையை உடம்போடு ஒட்டி வைத்து ஒரு வாளித் தண்ணீர் தூக்குவதற்கும், கையை நீட்டிக்கொண்டு அதே வாளியைத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பாரம் இறங்கும் கோடு பெயரிங்கிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்தது 10 ஆனால், ஷாஃப்ட்டை வளைக்கும் விசை இரண்டு மடங்கு. ரயர் இரண்டாகியது, ஷாஃப்ட்டின் பாடு குறையவில்லை, கூடியது.

அந்த வளைவும் ஒருதரம் வளைந்து நிற்பதில்லை. ஷாஃப்ட் சுற்றச் சுற்ற மேலே இருந்த பக்கம் கீழே வருகிறது. இழுபட்ட இரும்பு நசுங்குகிறது, நசுங்கியது இழுபடுகிறது. 185ஆர்14 அளவு ரயர் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 490 தரம் சுற்றும். 100,000 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 5 கோடி தரம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது போன்ற வேலை, மெதுவாக நடக்கிறது. முறிந்த ஷாஃப்ட்டின் முகத்தைப் பார்த்தால் கதை எழுதியிருக்கும்: ஓரத்தில் தொடங்கி, கடற்கரையில் அலை விட்டுப் போன கோடுகள் போல வளைவு வளைவாக ஒரு மங்கல் பகுதி. அது மாதக் கணக்கில் வளர்ந்த வெடிப்பு. மிச்சம் பளிச்சென்று இருக்கும் பகுதி கடைசி நொடியில் முறிந்தது. ஓட்டுபவருக்கு அந்தக் கடைசி நொடி மட்டும்தான் தெரியும்.

இப்படி முறிந்த பிறகு அமெரிக்காவில் இந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து அக்ஸில் மாற்றிக் கொடுத்தார்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து, கூடுதல் பாரம் தாங்கும் 'ஒரு டன்' சேஸியில் ஃபுல் ஃபுளோட்டிங் அக்ஸிலோடும் வண்டிகள் வரத் தொடங்கின. ஆனால் எல்லா வண்டியும் போய் மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1981 வண்டியில் நல்ல அக்ஸில் இருக்கலாம், அதற்குப் பிந்திய ஒன்றில் ஐந்து நட் இருக்கலாம். விற்பவர் "எல்லாம் மாத்தியாச்சு" என்று சொன்னாலும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐந்து நட் கூடாது, ஆறு நட் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. ரொயோட்டாவின் நாலு சில்லு இழுவை பிக்கப்பிலும் ஆறு நட்தான், ஆனால் அது செமி ஃபுளோட்டிங். அதைக் கழற்றி மோட்டர்ஹோமுக்குப் பூட்டி, "அப்கிரேட் செய்தது" என்று விற்ற ஒரு வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது. எண்ணுவதோடு நிற்காமல், நடுவில் ஹப் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, அதைச் சுற்றி ஷாஃப்ட்டைப் பிடிக்கும் சின்ன நட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேலண்ட் லொறியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எயார் பாக் கதைக்கு வருகிறேன். எயார் பாக்கும், ஸ்பிரிங்குக்குக் கூடுதல் தகடு போடுவதும் உடம்பை உயர்த்தும். அக்ஸிலின் பலத்தில் ஒரு கிலோவும் கூட்டாது. பாரம் உடம்பிலிருந்து ஸ்பிரிங்குக்கும் ஸ்பிரிங்கிலிருந்து அக்ஸிலுக்கும்தான் இறங்குகிறது. நடுவில் காற்றுப் பை வைத்தால் அக்ஸிலுக்கு அது தெரியவே தெரியாது. மோசம் என்னவென்றால், வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஆட்கள் இன்னும் சாமான் ஏற்றுவார்கள். பின்பக்கம் குந்துவது வண்டி போடும் சத்தம். அதன் வாயைப் பொத்த நான் காசு வாங்குவதில்லை.

அந்தத் தம்பியின் வண்டியின் பின்னால் சைக்கிள் இரண்டும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் ஒரு தாங்கியில் தொங்கின. எல்லாமாக 60 கிலோ இருக்கும். "அறுபதுதானே அண்ணை" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 3.5 மீட்டர், தாங்கி பின் சில்லுக்கு 2 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். அப்படியானால் பின் அக்ஸிலில் ஏறுவது 60 அல்ல, 94 கிலோ. கூடுதலான அந்த 34 கிலோ முன் சில்லிலிருந்து கழிகிறது, ஸ்டியரிங் இலேசாகிறது. சின்னப் பிள்ளைகளின் சீசோ விளையாட்டு மாதிரித்தான்: ஒரு பக்கம் இறங்க மறுபக்கம் ஏறும். தண்ணீர்த் தொட்டியில் நிரப்புவதும் பாரம்தான். ஒரு லீட்டர் ஒரு கிலோ.

ஆகவே பயணத்துக்கு முன் நிறுங்கள். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு, லொறிகள் நிறுக்கும் தராசில், முன் அக்ஸிலைத் தனியாக, பின் அக்ஸிலைத் தனியாக. பிறகு கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் நிறுக்கச் சொன்ன பெரும்பாலானோர் முகம் வெளிறித்தான் திரும்பி வந்தார்கள்.

சரி, அக்ஸிலை மாற்றுவதென்றால் என்ன வேலை? பழைய ஒரு டன் ரொயோட்டாவிலிருந்து, இரட்டைச் சில்லோடு வந்த ஃபுல் ஃபுளோட்டிங் அக்ஸிலைத் தேடிப் பிடிக்க வேண்டும். உடைந்த மோட்டர்ஹோம்களும் வீடு மாற்ற வாடகைக்கு ஓடிய பெட்டி லொறிகளும்தான் அதற்கு வழி. தம்பியின் வண்டிக்கு ஒன்று கிடைக்க எங்களுக்கு ஐந்து கிழமை எடுத்தது. அக்ஸிலை மட்டும் வாங்கி வந்தால் பாதி வேலைதான். அதற்கான ரிம், டிரம், ஹான்ட் பிரேக் கேபிள் எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். அக்ஸிலின் நடுவில் சுழற்சியைச் சில்லுப் பக்கம் திருப்பும் கிரவுன், பினியன் சக்கரப் பற்களின் விகிதத்தைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். விகிதம் மாறினால் மலையில் என்ஜின் திணறும், அல்லது நெடுஞ்சாலையில் கதறும், வேகமானியும் பொய் சொல்லும். ஸ்பிரிங் உட்காரும் மேடைகளின் இடைவெளி சரியாக இல்லை என்றால் வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டும்போது பினியன் பார்க்கும் கோணம் தப்பினால், என்ஜின் பக்கமிருந்து அக்ஸிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் புரொப்பலர் ஷாஃப்ட் நடுங்கி, அதன் மூட்டுகளைத் தின்றுவிடும். பின்பாரத்துக்கு ஏற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அக்ஸிலை ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைப் பழையது போடவே கூடாது. இங்கே உப்பு போடும் தெருக்களில் ஓடிய வண்டியில் அவை பாதி தின்னப்பட்டிருக்கும்.

முன் சில்லையும் யோசியுங்கள். பின்னுக்கு ஆறு, முன்னுக்கு ஐந்து நட் என்றால் ஒரு ஸ்பெயார் சில்லு போதாது. முன் ஹப்பையும் மாற்றினோம்.

மாற்றிய பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. அக்ஸில் குழாயின் மேல் சுண்டுவிரல் நுனியளவில் ஒரு காற்று மூடி இருக்கும். அது துருவால் அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஒயிலை சீலுக்கு வெளியே தள்ளும். அது பிரேக் லைனிங்கில் போய் இறங்கும். சில டொலர் சாமான்தான். ரயரைப் பொறுத்தவரை 185ஆர்14சி போடுகிறீர்கள் என்றால் பக்கத்தில் 102/100 என்று இருக்கிறதா பாருங்கள்: தனியாக 850 கிலோ, இரட்டையாக ஓடினால் ஒவ்வொன்றும் 800 கிலோ. உள் ரயரில் காற்று இறங்கினால் வெளியில் இருந்து தெரியாது, வெளி ரயர் அதன் பாரத்தையும் சுமந்துகொண்டு சூடேறும். வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டுக்கொண்டு, காலையில் புறப்படுமுன் அழுத்தத்தை அளந்து பாருங்கள், காலால் உதைத்துப் பார்ப்பது சரிவராது.

இப்போதைக்கு ஐந்து நட்டோடுதான் ஓடுகிறீர்கள், பணம் சேரும்வரை பொறுக்க வேண்டும் என்றால், பின்தாங்கியை இன்றைக்கே கழற்றுங்கள். தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்புங்கள். டிரம்மின் உள்பக்கம் ஒயில் கசிவு, வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் உறுமல், நட்டைச் சுற்றித் துரு வடிந்த கோடு, ஜக்கில் ஏற்றி அசைத்தால் சில்லில் ஆட்டம்: இதில் ஒன்றைக் கண்டாலும் ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள். தூரப் பயணம், மலைப்பாதை என்றால் அந்த அக்ஸிலோடு போக நான் ஒருவருக்கும் சரி சொல்வதில்லை.

தம்பியின் பழைய ஷாஃப்ட்டுகளைக் கழற்றியபின் வெடிப்பைக் காட்டும் சிவப்புச் சாயம் பூசிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. வலப்பக்கத்தில், பெயரிங் உட்காரும் இடத்துக்குச் சற்று வெளியே, நகக்கீறல் போல ஒரு கோடு சிவந்தது. அவருடைய மனைவி அதைப் படம் எடுத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்டில்தான் புறப்பட முடிந்தது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, இறுக்கத்தை அளந்து முறுக்கும் என்னுடைய டோர்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் கொடுத்து அனுப்பினேன். ஸ்காபரோவுக்குக் கிழக்கே உள்ள கோபேர்க்கைத் தாண்டுமுன் ஒரு கோப்பிக் கடைத் தரிப்பிடத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, எல்லாம் இறுக்கம். வலப்பக்கத்திலை ஒண்டு மட்டும் கால் சுற்று விட்டுக் குடுத்தது."

"அதுக்குத்தான் தம்பி நிப்பாட்டச் சொன்னனான். இன்னொரு நூறு ஓடிட்டுத் திரும்பப் பாருங்கோ" என்றேன்.