தழைச்சத்தும் வெடியமும்: நைட்ரஜன் என்ற சொல்

உழவர் தழைச்சத்து என்கிறார். தனித்தமிழ் ஆர்வலர் வெடியம் என்கிறார். இரண்டும் நைட்ரஜனைத்தான் சுட்டுகின்றன. ஒன்று துளிர்க்கிறது, இன்னொன்று வெடிக்கிறது. இந்த முரண் தமிழில் தொடங்கியதில்லை.

1772இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் டேனியல் ரூதர்ஃபோர்டு இந்த வாயுவைப் பிரித்தார். அதில் மெழுகுவர்த்தி எரியவில்லை, எலி பிழைக்கவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'அசோட்', அதாவது உயிரற்றது என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் இன்றும் அதுதான். ஜெர்மன்காரர்களின் 'ஷ்டிக்ஷ்டோஃப்' மூச்சை அடைக்கும் பொருள் என்று பொருள்படும். 1790இல் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் ஷாப்டால் வேறு பக்கமிருந்து பார்த்தார். வெடிமருந்தில் சேரும் வெடியுப்பில் (பொட்டாசியம் நைட்ரேட்) இருப்பது இதே தனிமம் என்பதால் 'நைட்ரோஜென்', வெடியுப்பைப் பிறப்பிப்பது என்றார். வெடியம் இந்தப் பெயரின் வாரிசு. பழைய நூல்களின் உப்புவாயுவும் அதே வழிதான்.

சரி, செத்த காற்றா, வெடிமருந்தா? விடை பிணைப்பில் இருக்கிறது. நைட்ரஜன் அணுவின் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான்கள். எட்டாக இன்னும் 3 வேண்டும். இரண்டு அணுக்கள் ஆளுக்கு மூன்றைப் பங்கிட்டுக்கொண்டால் முப்பிணைப்பு. அதை முறிக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் தேவை. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்புக்கு 498 போதும். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்புக்கு ஏறத்தாழ 160தான். ஆகவே, மந்தம் என்பது மூலக்கூறின் குணம், அணுவின் குணமில்லை. முப்பிணைப்புக்குத் திரும்பும் வாய்ப்புக் கிடைத்தால் நைட்ரஜன் சேர்மங்கள் பெரும் ஆற்றலைக் கொட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், 'உயிரற்ற' அசோட்டிலிருந்து பிறந்த பெயர்தான் அசைடு என்ற நைட்ரஜன் சேர்ம வகைக்கு. ஈய அசைடு வெடிதூண்டிகளில் பயன்படுகிறது.

அப்புறம் தழைச்சத்து. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடி அதை நேராக உண்ண முடியாது. முப்பிணைப்பு உடைந்து அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ வரவேண்டும். அந்த வேலையை அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சு நுண்ணுயிரிகள் மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே செய்கின்றன. காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் ஹேபர்–பாஷ் ஆலைக்கோ இரும்பு வினையூக்கியோடு 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தமும் தேவை. எனவே தழைச்சத்து என்பது உரத்துக்கும் மண்ணுக்குமான சொல். அங்கே அதைவிட அழகான சொல் இல்லை. காற்றில் தழைச்சத்து இருக்கிறது என்று எழுதினால் மட்டும் பிசகு.

வெடியம் மேல் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. வெடித்து முடிந்தபின் மிஞ்சுகிற, இனி வெடிக்காத வாயுவுக்கு அந்தப் பெயர் மாணவரைக் குழப்பும். தனிமத்துக்கு நைட்ரஜன் போதும். இலங்கை நூல்களில் நைதரசன். சேர்மப் பெயர்களும் நைட்ரஜனை ஒட்டியே வருகின்றன. அந்தப் பெயர்களின் சிறு எழுத்து வேறுபாட்டில் மட்டும் கவனம் வேண்டும்: நைட்ரைடில் ஆக்சிஜன் இல்லை, நைட்ரைட்டில் 2 அணு, நைட்ரேட்டில் 3.