சொல் விளக்கம்: வீக்கம்

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லால் ஒரு குழப்பம் வந்தது. அதற்கு நானே காரணம்.

அக்கா மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பதினைந்து வயதிலிருந்தே அவனுக்கு மார்பு கொஞ்சம் பெருத்திருக்கும். ஊர்க் கிணற்றில் பையன்கள் குதிக்கும்போது இவன் மட்டும் சட்டையோடு படியில் உட்கார்ந்திருப்பான். போன வருடம் பெங்களூரில் அறுவை செய்துகொள்ள முடிவெடுத்தபோது, அக்காவிடம் பெரிய மனுசன் தோரணையில், "வெறும் வீக்கம்தானே, எடுத்துடுவாங்க" என்று சொன்னேன். அக்கா அதையே அவனிடம் சொல்லிவிட்டாள்.

பதினோராம் நாள் கிருஷ்ணகிரியிலிருந்து போன் செய்தான். "மாமா, வீக்கத்த எடுக்கத்தானே போனேன். எடுத்த எடமே திரும்ப வீங்கிக்கினு இருக்குது. டிஸ்சார்ஜ் சீட்டுலயும் எடிமான்னு எழுதியிருக்குது. அப்ப எதத்தான் எடுத்தாங்க?"

கேட்டது நியாயம். எடுத்ததும் வீக்கம், மிஞ்சியிருப்பதும் வீக்கம் என்றால் எவனுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவன் உடம்பில் முன்பு இருந்தது வேறு, இப்போது இருப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது என் பிழை.

முன்பு இருந்ததற்கு மருத்துவத்தில் கைனகோமாஸ்டியா என்று பெயர். கிரேக்கத்தில் கைனே என்றால் பெண், மாஸ்டோஸ் என்றால் முலை. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் கையாண்ட சொல் இது. 7ஆம் நூற்றாண்டில் ஏஜினா ஊர் பால் என்பவர் இதற்குக் கத்தி வைக்கும் முறையையே எழுதி வைத்திருக்கிறார். ஆண் உடம்பிலும் பால்சுரப்பித் திசு சிறிதளவு உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் இயக்குநீருக்கும் (ஹார்மோன்) ஆண் இயக்குநீருக்கும் உள்ள விகிதம் பிசகினால் அது வளரும். பருவ வயதில் பாதிக்குப் பாதிப் பையன்களுக்காவது கொஞ்சம் தலைகாட்டி, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. சில மருந்துகளாலும் வரலாம். ஆக, இது திசுவின் வளர்ச்சி. தமிழில் 'ஆண்மார்பகப் பெருக்கம்' என்பதே சரி. சில செய்தித்தாள்களில் 'ஆண் மார்பு வீக்கம்' என்று பார்க்கிறேன், அது வேண்டாம். கிரேக்கச் சொல்லில் இருக்கும் 'பெண்'ணையும் தமிழுக்குக் கூட்டி வர வேண்டியதில்லை. பையன்கள் ஏற்கெனவே கேட்ட கேலி போதும்.

இப்போது இருப்பதுதான் வீக்கம். கத்தியும், கொழுப்பை உறிஞ்சும் குழாயும் பட்ட இடத்தில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களுக்கிடையே தங்குகிறது. அதுதான் எடிமா. அதுவும் கிரேக்கச் சொல்தான், பொருளும் வீங்குதல்தான். காலில் வீக்கம் உள்ளவன் என்ற பொருளில் பெயர் பெற்ற ஈடிபஸ் மன்னனும் அதே வேரில் பிறந்தவன். சிலர் எடிமாவை 'நீர்க்கோவை' என்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் நீர்க்கோவை மாத்திரை கேட்டால் தலைபாரத்துக்குப் பற்றுப் போடத்தான் தருவார்கள். ஆகவே அது ஒத்துவராது. வீக்கமே போதும்.

இனி சொல்லின் உள்ளே போவோம். நீங்கு என்றால் தானே விலகுவது, நீக்கு என்றால் விலக்குவது. தேங்கு, தேக்கு. அடங்கு, அடக்கு. அந்தக் கணக்கில் வீங்கு என்பதன் பிறவினை வீக்கு. ஆனால் வீக்கு என்றால் 'வீங்க வை' என்று பொருள் வரவில்லை, இறுக்கிக் கட்டு என்று வந்தது. காலில் கழல் வீக்கினான், இடுப்பில் கச்சை வீக்கினான் என்று பழம்பாட்டில் வீரர்கள் எல்லாம் வீக்கிக்கொண்டே போருக்குப் போவார்கள். காரணம், வீங்கு என்பதற்குப் பருப்பதோடு விம்மி இறுகுவது என்றும் பொருள் இருந்தது. உள்ளே நிறைந்தால் மேல்தோல் இறுகும். மோதிரம் போட்ட விரல் வீங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இதற்குச் சான்று தேடி நூலகம் போக வேண்டியதில்லை, ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் போனால் போதும். தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாகும்: வா என்பது பா, வேர் என்பது பேரு. வீங்கு அங்கே பீகு. பூரித்துப் போவதும் பெருமையில் நெஞ்சு நிமிர்வதும் பீகுதல்தான். அதே குடும்பத்தில் பிறந்ததுதான் 'பீகா'. கன்னடத்தில் பூட்டு. தெலுங்கில் பீகம். வீங்குவதும் பூட்டுவதும் ஒரு தாய் பிள்ளைகள்.

திருவள்ளுவர் கையில் இந்தச் சொல்லில் நோயே கிடையாது. "தணந்தமை சால அறிவிப்ப போலும் மணந்தநாள் வீங்கிய தோள்" என்கிறது 1233ஆம் குறள். கூடியிருந்த நாளில் பூரித்த தோள், பிரிந்ததும் மெலிந்து ஊருக்கே சேதி சொல்கிறதாம். வீக்கம் அங்கே மகிழ்ச்சி, வடிவதுதான் துயரம். மருமகனுக்கு அப்படியே தலைகீழ்.

அறுவை அரங்கிலும் சொல் விளையாட்டு உண்டு. கொழுப்பை உறிஞ்சுமுன் உப்புநீரில் மரப்பு மருந்தும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்து மார்பில் ஏற்றி, முதலில் நன்றாக வீங்க வைக்கிறார்கள். 1980களில் ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் கொண்டுவந்த முறை. ரத்தப்போக்கு குறையும். 'ட்யூமசென்ட்' முறை என்று சீட்டில் எழுதுவார்கள். மருமகன் அதில் ட்யூமரைப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி தூங்கவில்லை. லத்தீனில் ட்யூமர் என்றால் வெறும் வீக்கம், கட்டி என்பதெல்லாம் பிறகு ஏறிய பொருள்.

அந்த நீரில் கொஞ்சம், கசிவில் கொஞ்சம் என்று முதல் சில நாள் மார்பு முன்பைவிடப் பெரிதாகக்கூடத் தெரியலாம். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருக்கலாம். காம்புக்கடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது, உள்ளே ஆறுகிற தழும்பாக இருக்கலாம். காம்பு குழிந்துவிடாமலிருக்க வேண்டுமென்றே கொஞ்சம் திசுவை விட்டும் வைப்பார்கள். மொத்த வீக்கத்தில் பெரும்பகுதி மூன்று முதல் ஆறு வாரத்தில் போகும். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இவனோ தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் போட்டோ எடுத்து, நேற்றைய படத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலுக்கு உறை ஊற்றிவிட்டு ஐந்து நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு மாட்டிவிட்டிருந்த இறுக்கப் பனியனுக்கு 'அழுத்தக் கச்சு' என்ற பெயர் பொருந்தும். நான்கு முதல் ஆறு வாரம் போடச் சொல்வது வழக்கம், சரியான கணக்கை அறுவை செய்தவர் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில், மாந்தோப்புக்கு நடுவே உள்ள ஓட்டு வீட்டில் அதைப் போட்டுக்கொண்டிருப்பது தண்டனைதான். "கொக்கி மாட்டவே அம்மா வேணும் மாமா" என்றான். வீக்கத்துக்கு வைத்தியம் வீக்குவது. நீர் தங்க இடம் கொடுக்காமல் மேலிருந்து அணைத்துப் பிடிப்பதுதான் கச்சின் வேலை.

பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டி "வாப்பு" என்று கன்னத்தில் கை வைத்துவிட்டு, ஆமணக்கு இலையைச் சூடுகாட்டி ஒத்தடம் வைக்கச் சொன்னதாம். நல்லவேளை அக்கா மறுத்துவிட்டாள். அறுவைக்குப் பின் அந்தத் தோலுக்குக் கொஞ்ச நாள் உணர்ச்சி மந்தமாக இருக்கும். சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். ஐஸ் கட்டிக்கும் இதே கதை.

எல்லா வீக்கமும் எடிமா அல்ல. முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பந்துபோல் எழும்பி, விண்ணென்று வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிறகு தொட்டால் தண்ணீர்ப் பைபோல் தளும்பினால் சீரோமா. ஊநீர்த் தேக்கம் என்று சொல்லலாம், ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சிவந்து, சுட்டு, காய்ச்சலோ சீழோ வந்தால் தொற்று. மற்றபடி மெல்லக் குறைந்துகொண்டே வருவதற்குத்தான் தமிழில் ஒரு வினை தனியாக இருக்கிறது. வீக்கம் 'போச்சா' என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பதில்லை, 'வடிஞ்சுதா' என்றுதான் கேட்கிறார்கள். சோற்றுக்கு, வெள்ளத்துக்குச் சொல்லும் அதே வடிதல். உள்ளே இருப்பது நீர் என்பதும், அது பைய இறங்கும் என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கன்றிப்போன நீலமும்கூட மார்பிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்கித்தான் மறைகிறது. கசியும் நீர் வெளியேற விலாவில் வைக்கும் 'ட்ரெயின்' (drain) குழாய்க்கு 'வடிகுழாய்' என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் காதுள்ளவர்கள்.

இவ்வளவையும் போனில் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவன், கடைசியில் கம்பெனிக்கு லீவு நீட்டிக்க எழுத வேண்டும், என்ன காரணம் போடுவது என்று கேட்டான். ஆண்மார்பகப் பெருக்க அறுவை என்று எழுதச் சொன்னேன்.

"அத படிச்சா செக்சனே சிரிக்கும் மாமா" என்றான். 'நெஞ்சில் சிறு அறுவை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.