நோட்டில் சுருங்கிய எழுத்து

அந்த அம்மா பையிலிருந்து முதலில் எடுத்து வைத்தவை மகனின் இரண்டு கணக்கு நோட்டுகள். பத்தாம் வகுப்பு நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. பதினொன்றாம் வகுப்பு நோட்டில் சுருங்கி, கோட்டை விட்டு இறங்கி, கடைசிப் பக்கங்களில் எண்களையே படிக்க முடியவில்லை.

"படிப்பில் கவனமில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள், டாக்டர்" என்றார்.

பையன் வாயோரம் வழிந்த எச்சிலைக் கைக்குட்டையால் துடைத்தபடி இருந்தான். பேச்சு குழறியது. நீட்டிய கை நடுங்கியது. ஓராண்டாக மனநல மாத்திரை சாப்பிடுகிறான். நடுவில் மந்திரிக்கவும் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

கண் மருத்துவரிடம் அனுப்பினேன். கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் படிந்திருந்தது. வில்சன் நோய்.

1912-இல் லண்டனில் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இதை விரிவாக எழுதினார். உணவில் வரும் தாமிரத்தில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றும். 13-ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் அந்த வழி அடைபட்டு, தாமிரம் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் படியும். சிலருக்கு மஞ்சள் காமாலையாகத் தொடங்கும், சிலருக்கு நடுக்கமாக, சிலருக்குக் காரணமில்லாத கோபமாக.

தாய் தந்தைக்கு நோய் இராது. ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமப்பார்கள்; இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். சொந்தத்தில் மணந்தவர்களிடம் இப்படி நேரும் வாய்ப்பு கூடுதல். இவர்கள் அத்தை மகனும் மாமன் மகளும். கேட்டதும் அந்த அம்மா அழுதுவிட்டார். இதில் யார் குற்றமும் இல்லை என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

பரம்பரை நரம்பு நோய்கள் பலவற்றை இன்றும் நிறுத்த முடியவில்லை. அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டு வீட்டில் முடங்குவதுதான் என்னைப் பதறவைக்கிறது. இதற்கு 1956 முதல் மருந்து உண்டு. பெனிசிலமின் தாமிரத்தைச் சிறுநீரில் இறக்கும்; துத்தநாக மாத்திரை குடலிலேயே அதைத் தடுக்கும். ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். குணமாகிவிட்டது என்று தாமாக நிறுத்தியவர்கள் கல்லீரல் செயலிழந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பகாலத்திலும் நிறுத்தக்கூடாது, அளவை மருத்துவர் மாற்றித் தருவார்.

உடன்பிறந்தவர்களுக்கும் இந்நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பையனின் தங்கை எட்டாம் வகுப்பு, கோகோ ஆட்டக்காரி. "அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று தந்தை தயங்கினார். நான் விடவில்லை. ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினும், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரமும் பார்த்தோம். அவளுக்கும் இருந்தது. அறிகுறி தலைகாட்டும் முன்பே மாத்திரை தொடங்கிவிட்டோம்.

உடம்புக்கு நல்லது என்று செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீரைக் குடித்துவந்த வீடு அது. அடுத்த முறை வந்தபோது, குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டதாகத் தங்கை சொன்னாள். அண்ணனுக்கு மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவதும் அவள்தானாம். அவன் நோட்டையும் கொண்டுவந்திருந்தாள். எழுத்து இன்னும் கோணல்தான். எண்களைப் படிக்க முடிந்தது.