ஸ்வாப் எடுத்தாயிற்று, கிருமி பிழைத்ததா?

இந்த வாரமும் எங்கள் லேபுக்கு வந்துவிட்டது, ரோஸ் நிறத் திரவத்தில் போட்ட சீழ் ஸ்வாப், அதாவது புண்ணின் சீழைத் தொட்டெடுத்த பஞ்சுக் குச்சி. நோயாளிக்குச் சர்க்கரை, காலில் ஆழமான புண். நல்லவேளையாக அதே சீழை ஒரு ஸ்லைடிலும் தடவி அனுப்பியிருந்தார்கள். கிருமிகளை வகைபிரித்துக் காட்டும் கிராம் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சீழ் செல்கள் அடர்ந்து கிடக்கின்றன. நடுவே கொத்துக் கொத்தாக ஊதா உருண்டைகள், பக்கத்திலேயே சிவப்புக் குச்சிகள். கிருமி இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஸ்வாபைத் தேய்த்து வைத்த, கிருமி வளர்க்கும் பிளேட் மறுநாளும் வெறுமை, அதற்கு மறுநாளும் வெறுமை.

அந்த ரோஸ் திரவம் வி.டி.எம்., அதாவது வைரல் டிரான்ஸ்போர்ட் மீடியம். கொரோனா சமயத்தில் மூக்கு, தொண்டை ஸ்வாபைப் போட்டு அனுப்பினோமே, அதுதான். வைரஸுக்கான ஊடகம். வைரஸ் சாம்பிளில் பாக்டீரியா வளர்ந்து கெடுத்துவிடக் கூடாது என்று, ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கையும் பூஞ்சைக்கான மருந்தையும் சேர்த்தே பெரும்பாலும் அதைத் தயாரிக்கிறார்கள். பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க எடுத்த ஸ்வாபை, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தில் முக்கி அனுப்பினால் நாங்கள் எதை வளர்ப்பது?

ஒன்றுமே வளராவிட்டால்கூடச் சந்தேகம் வந்து திரும்பக் கேட்போம். பாதி வளர்வதுதான் பெரிய ஆபத்து. புண்ணில் இரண்டு மூன்று வகைக் கிருமிகள் இருந்து, அவற்றில் ஜென்டாமைசினுக்கு மசியாத ஒன்று மட்டும் பிழைத்து வளர்ந்தால், ரிப்போர்ட்டில் அதன் பெயர் மட்டும்தான் போகும். டாக்டர் அதைப் பார்த்து வீரியமான மருந்துக்குப் போவார். கூட இருந்த மற்ற கிருமிகள் அவர் கணக்கிலேயே வராது.

'வளர்ச்சி இல்லை' என்ற ரிப்போர்ட்டைக் 'கிருமி இல்லை' என்று படிக்கும் பழக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலை தருகிறது. நோயாளியின் உறவினர் அப்படிப் படித்தால் புரிந்துகொள்ளலாம். டாக்டர்களும் படிக்கிறார்கள். எங்கள் பிளேட்டில் ஏறியபோது உயிரோடு இருந்து, நாங்கள் வைத்த உணவில் வளரக்கூடிய கிருமி எதுவும் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். புண்ணில் இருந்தது வழியில் செத்திருக்கலாம். ஸ்வாபுக்கு முன்பே ஊசி மருந்து போட்டிருக்கலாம். காற்று பட்டால் பிழைக்காத அனரோப் வகையாக இருக்கலாம். புண் சீழ் பிடித்து நாறுகிறது, கல்ச்சரில், அதாவது பிளேட்டில் வளர்த்துப் பார்த்ததில், ஒன்றும் இல்லை என்றால், ரிப்போர்ட்டை நம்பிப் புண்ணைச் சந்தேகப்படாதீர்கள். சாம்பிள் வந்த வழியைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பிரிட்ஜ். சாம்பிள் என்றாலே பிரிட்ஜில் வைப்பதுதான் பத்திரம் என்ற எண்ணம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. சிறுநீருக்கு அது சரி. அங்கே எண்ணிக்கை முக்கியம். ஈ.கோலை சாதகமான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிருமி, வெளியே வைத்தால் இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு வராது என்றால் 4 டிகிரியில் வைக்கச் சொல்கிறோம். அந்த ஒரு விதியை எடுத்து எல்லாச் சாம்பிளுக்கும் போட்டால் எப்படி? மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸுக்குக் குளிர் ஆகாது. ஹீமோபிலஸுக்கும் ஆகாது. பால்வினை நோயான கொனோரியாவின் கிருமிக்கும் ஆகாது. ராத்திரி ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரைக் காலை வரை பிரிட்ஜ் கதவில் வைத்துவிட்டு அனுப்புகிறார்கள். அந்தக் குழந்தைக்கு அந்த ஊசியை இன்னொரு முறை போட முடியுமா? போட்டாலும், அதற்குள் ஆன்டிபயாடிக் ஏறியிருக்கும். முதுகுத்தண்டு நீர் எந்த நேரம் எடுத்தாலும் அந்த நேரமே லேபுக்கு வரட்டும். இரத்தக் கல்ச்சர் பாட்டிலும் பிரிட்ஜுக்குப் போகக் கூடாது.

சரி, வெளியே வைக்கச் சொன்னால் வெயிலில் வைக்கச் சொன்னதாக ஆகாது. அறை வெப்பநிலை என்று நாங்கள் எழுதுவது 20 முதல் 25 டிகிரி. மே மாதத்தில் பைக்கின் பின்னால் கட்டிய பெட்டியில் அது இருக்காது. ஐஸ் பேக் இல்லாத தெர்மாகோல் பெட்டி, நிழல், நேராக லேப், அவ்வளவுதான். நாலு கலெக்‌ஷன் சென்டர் சுற்றிவிட்டு வரும் ரன்னர் தம்பியிடம், ஸ்வாப் இருந்தால் அதை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஸ்வாபை லேபுக்கு அனுப்பப் போட்டுவைக்கும் டிரான்ஸ்போர்ட் மீடியம் என்பது வழிக்குக் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதில் சத்து ஏதும் கிடையாது. கிருமி சாகவும் கூடாது, பெருகவும் கூடாது. கொனோரியா ஸ்வாப்கள் லேபுக்கு வருவதற்குள் செத்துப்போகும் தொல்லைக்காகத்தான் கிளாஸ்கோவில் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் 1940களில் இதில் இறங்கினார். அவருடைய கலவையில் இருந்த கிளிசரோபாஸ்பேட்டைச் சில கிருமிகள் தின்று பெருகின. 1967இல் ஏமிஸ் என்பவர் அதை எடுத்துவிட்டுச் சாதாரண பாஸ்பேட்டைப் போட்டார், கரியையும் சேர்த்தார். சில ஏமிஸ் டியூப் கறுப்பாக இருப்பது அதனால்தான். கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். கிருமிக்கு ஆகாத பொருள்களைக் கரி உறிஞ்சிக்கொள்கிறது. சாதாரணப் பஞ்சிலேயே அப்படிப்பட்ட கொழுப்பு அமிலங்கள் உண்டு. டிரஸ்ஸிங் பஞ்சை மரக்குச்சியில் சுற்றி ஸ்வாப் செய்து அனுப்பும் சிக்கனம் வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்கு வேறு ஊடகம், 1964இல் வந்த கேரி பிளேர். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா, மலம் புளித்து அமிலமாக மாற மாறச் செத்துவிடும். காலராவுக்கு நம் நாட்டிலேயே வெங்கட்ராமனும் ராமகிருஷ்ணனும் 1941இல் ஒரு திரவத்தை வெளியிட்டார்கள். கடல் உப்பும் காரத்தன்மையும்தான் அதன் சூட்சுமம். காலரா கிருமிக்கு அந்தக் காரம் பிடிக்கும், மற்றவற்றுக்குப் பிடிக்காது. வி.ஆர். திரவம் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

வார்டு சிஸ்டர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்னால் ஸ்வாப் எடுங்கள். புண்ணைச் சலைனில் கழுவிவிட்டு எடுங்கள். பீட்டாடைன், ஸ்பிரிட், சாவ்லான் எதுவும் வேண்டாம். மேலே காய்ந்த சீழைத் தொட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். உயிருள்ள சதை தெரியும் இடத்தில் அழுத்திச் சுழற்றி எடுங்கள். இரண்டு ஸ்வாப் எடுங்கள், ஒன்று ஸ்லைடில் தடவிப் பார்க்கும் ஸ்மியருக்கு, ஒன்று கல்ச்சருக்கு. ஊடகத்தின் அடிவரை குச்சியை இறக்கி மூடுங்கள். மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால் காய்ந்துபோகும். ஃபாரத்தில் 'பஸ்' (pus, சீழ்) என்று மட்டும் எழுதாமல் எந்த இடம், எத்தனை மணிக்கு எடுத்தது, என்ன மருந்து ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

டாக்டர்களுக்கு இரண்டே விஷயம். உள்ளே கட்டியிருக்கும் சீழுக்கு ஸ்வாப் வேண்டாம். சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, ஊசியைக் கழற்றிவிட்டு மூடி போட்டு உடனே அனுப்புங்கள். ஸ்வாபில் ஏறுவது ஓரிரு துளி, அதிலும் பெரும்பகுதி பஞ்சிலேயே தங்கிவிடும். இன்னொன்று, ஆபரேஷனில் எடுத்த சதையைக் கல்ச்சருக்கு அனுப்பும்போது ஃபார்மலினில் போடவே போடாதீர்கள். பயாப்சிக்கு ஒரு துண்டு ஃபார்மலினில், கல்ச்சருக்கு ஒரு துண்டு சலைனில். தியேட்டரில் இதைச் சொல்லிவைக்க ஒரு நிமிடம் போதும்.

லேபில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவறான டியூபில் வந்த சாம்பிளைப் பேசாமல் பிளேட்டில் தேய்த்து, இரண்டு நாள் கழித்து 'வளர்ச்சி இல்லை' என்று அனுப்புவது நம் தவறு. டியூபைப் பார்த்த உடனே வார்டுக்குப் போன் போடுங்கள். ராத்திரியானாலும் போடுங்கள். முதல் டோஸ் ஏறுவதற்குள் வேறு ஸ்வாப் எடுக்க அப்போதும் நேரம் இருக்கலாம். திரும்ப எடுக்க முடியாத சாம்பிள் என்றால் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஆனால் எந்த டியூபில் வந்தது, எவ்வளவு தாமதம் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.